1944 நார்மண்டியில் எந்த எஞ்சின் ஓடியது? போர்க்கால விமான சிமுலேட்டருக்கு நீராவி எஞ்சின்களை ஆராய்வது எப்படி: முழுமையான வழிகாட்டி

விமான சிமுலேட்டருக்காக நான் முதன்முதலில் செய்த ரயில் மிஷனில் பிரான்ஸின் 141ஆர் எஞ்சினை வைத்தேன். பிரெஞ்சு நீராவி எஞ்சின் என்று தேடினால் முதலில் வந்து நிற்பது அதுதான். படங்கள் ஏராளம், வரைபடம் உண்டு, ஓடும் நிலையிலும் சில இருக்கின்றன. மாடல் செய்ய இரண்டு மாதம் ஆனது. அப்புறம்தான் தெரிந்தது, அந்த வகையின் முதல் எஞ்சின் பிரான்ஸ் வந்து இறங்கியதே 1945 நவம்பரில். போரில் சிதைந்த ரயில்வேயை மீட்க அமெரிக்காவும் கனடாவும் கட்டி அனுப்பியது அது. ஐரோப்பாவில் போர் முடிந்து ஆறு மாதம் கழித்து வந்த எஞ்சினை என் டைஃபூன் விமானம் 1944 ஜூனில் சுட்டுக்கொண்டிருந்தது.

அன்றிலிருந்து பழகிய வேலைமுறையை இங்கே எழுதுகிறேன். எடுத்துக்காட்டு முழுக்க நார்மண்டி, 1944 கோடை. வேறு போர்முனைக்குச் செய்பவர்களும் இதே வரிசையில் போகலாம்.

முதல் படி: எஞ்சினைத் தேடாதீர்கள், தேதியையும் பாதையையும் தேடுங்கள்

பெரும்பாலானோர் அழகான எஞ்சின் ஒன்றைப் பார்த்துவிட்டு அதற்கு மிஷன் தேடுகிறார்கள். திருப்பிச் செய்யுங்கள். எந்த மாதம், எந்தப் பாதை, பாதை யாருடையது, வண்டியை ஓட்டியது யார் என்ற நான்கையும் ஒரு தாளில் எழுதிய பிறகு எஞ்சினுக்கு வாருங்கள்.

நார்மண்டியில் முக்கியமானது பாரிஸிலிருந்து லிசியூ, மெசிதோன், கான், பாயூ, கரான்தான் வழியாக ஷெர்பூர் போகும் பாதை. தெற்கே பாரிஸிலிருந்து த்ரூ, அர்ஜான்தான், வீர் வழியாக கிரான்வில் போகும் இன்னொன்று. இரண்டும் எத்தா என்னும் பழைய பிரெஞ்சு அரசு ரயில்வேக்குச் சொந்தமானவை. 1938 ஜனவரி 1-இல் பிரான்ஸின் பெரிய ரயில்வேக்கள் எல்லாம் எஸ்என்சிஎஃப் என்ற ஒரே நிறுவனமாக இணைந்தபோது எத்தா அதன் மேற்கு மண்டலம் ஆனது.

தேதி ஏன் அவ்வளவு முக்கியம்? பாதையே மாதத்துக்கு மாதம் மாறியது. 1944 மார்ச் 6 இரவு பாரிஸுக்கு மேற்கே உள்ள த்ராப் யார்டில் குண்டு விழுந்ததிலிருந்து, நேச நாட்டுப் படைகள் ஜூன் 6-இல் நார்மண்டியில் இறங்குவதற்கு முன் ரயில்வேயை முடக்கும் வேலை வேகமெடுத்தது. மே 7-இல் தண்டர்போல்ட் விமானங்கள் வெர்னோனில் சேன் ஆற்றுப் பாலத்தைத் தகர்த்தன. அதற்குப் பின்னான மிஷனில் வெர்னோன் வழியாக ரயில் ஆற்றைக் கடக்கக் கூடாது. மே 21-இல் நேச நாட்டுப் போர் விமானங்கள் பிரான்ஸிலும் ஜெர்மனியிலும் ஒரே நாளில் ரயில்களைத் தேடித்தேடி அடித்தன. ஜூன் 8 இரவு சோமூர் ரயில் சுரங்கத்தை லங்காஸ்டர் குண்டுவீச்சு விமானங்கள் டால்பாய் என்னும் ராட்சதக் குண்டுகளால் அடைத்தன. இப்படி ஒவ்வொரு தேதிக்கும் வரைபடத்தில் பாதைகளை வெட்டிக்கொண்டே வாருங்கள். எந்த வண்டி எங்கே சிக்கி நின்றிருக்கும் என்பது தானாகத் தெரியவரும்.

மின்பாதையையும் மறக்க வேண்டாம். பாரிஸ் முதல் ல மான் வரையிலான பாதை 1937-லேயே மின்மயமாகிவிட்டது. அங்கே தண்டவாளத்துக்கு மேலே கம்பிகள் இருக்க வேண்டும். தாழப் பறப்பவர்களுக்கு அது அழகுச் சாமான் இல்லை, ஆபத்து.

இரண்டாம் படி: எண்களைப் படிக்கக் கற்றுக்கொள்வது

நம் ஊர் டபிள்யூபி எஞ்சினை 4-6-2 என்று சொல்வோம். முன்னால் நான்கு சிறு சக்கரம், நடுவில் ஆறு இயக்கு சக்கரம், பின்னால் இரண்டு. பிரெஞ்சுக்காரர்கள் சக்கரத்தை எண்ணாமல் அச்சை எண்ணுகிறார்கள். அதனால் அதே அமைப்பு அவர்களிடம் 231. ஜெர்மானியர் இயக்கு அச்சுகளுக்கு எழுத்து வைப்பார்கள். ஒன்று ஏ, இரண்டு பி, மூன்று சி. அவர்கள் கணக்கில் அதே அமைப்பு 2சி1.

சரி, இப்போது ஒரு எஸ்என்சிஎஃப் எண்ணை எடுத்துக்கொள்வோம். 3-140 சி என்று தொடங்கினால், 3 என்பது மேற்கு மண்டலம், 140 என்பது முன்னால் ஓர் அச்சு, நடுவில் நான்கு, பின்னால் ஏதுமில்லை. சி என்பது அந்த அமைப்பில் எந்த வகை என்று காட்டும் எழுத்து. 1 என்றால் கிழக்கு, 2 வடக்கு, 4 தென்மேற்கு, 5 தென்கிழக்கு. முகப்பு எண்ணில் 5 தெரியும் எஞ்சினை ஷெர்பூர் பாதையில் பார்த்தால் அதற்குக் காரணம் தேட வேண்டும்.

ஜெர்மன் எண்களில் ஒரு பொறி இருக்கிறது. போர்க்காலத்தில் 52 என்று தொடங்குவது 52-ஆம் வகை, புகழ்பெற்ற கிரீக்ஸ்லோக், அதாவது போர்க்கால எஞ்சின். ஆனால் 1968-இல் மேற்கு ஜெர்மனி எல்லா எஞ்சின்களுக்கும் கணினி எண் கொடுத்தது. அந்த முறையில் 050 முதல் 053 வரை வருபவை எல்லாம் பழைய 50-ஆம் வகை. ஆக, 052 என்ற எண்ணும் கடைசியில் சிறு கோடு போட்ட ஓர் இலக்கமும் தெரிந்தால், அது கிரீக்ஸ்லோக்கும் இல்லை, அந்த எண்பலகை போர்க்காலத்ததும் இல்லை.

மூன்றாம் படி: அந்தக் கோடையில் உண்மையில் ஓடியவை

நார்மண்டிக்கு ஒரே ஒரு எஞ்சின்தான் செய்ய நேரம் இருக்கிறது என்றால் 140சி செய்யுங்கள். முதல் உலகப் போர்க் காலத்தில் எத்தா ரயில்வேக்காகக் கட்டப்பட்ட கூட்ஸ் எஞ்சின் அது. பெரும்பகுதி பிரிட்டனில் தயாரானது. பெரிய கவர்ச்சி இல்லை, ஒல்லியான கொதிகலன், நேரான ஓடுபலகை. பார்ப்பவர் யாரும் அதற்காக வியக்க மாட்டார்கள். ஆனால் அந்த மண்ணில் சரக்கு இழுத்த வேலைக்குதிரை அதுதான். பயணிகள் வண்டிக்கு எத்தாவின் 231 வகைகள்.

அடுத்து பிரஷ்ய எஞ்சின்கள். பி8, ஜி8.1 போன்றவை பிரான்ஸில் இருந்தாலே ஜெர்மானியர் 1940-க்குப் பின் கொண்டுவந்தவை என்று நினைக்கத் தோன்றும். அப்படி முடிவுகட்ட வேண்டாம். 1918 போர்நிறுத்த ஒப்பந்தப்படி ஜெர்மனி 5,000 எஞ்சின்களை ஒப்படைக்க வேண்டியிருந்தது. அதில் ஒரு பங்கு பிரான்ஸுக்கு வந்து, பிரெஞ்சு எண் வாங்கி, இருபது ஆண்டுக்கு மேல் பிரெஞ்சு ஷெட்டுகளில் வேலை பார்த்தது. அதே உருவம், இரண்டு வேறு வரலாறு. எந்த எண்ணைப் பூசுகிறீர்கள் என்பதில்தான் வித்தியாசம்.

ஜெர்மன் சரக்கு எஞ்சின்களில் 44, 50, 52 மூன்றும் பிரான்ஸில் தொடர்புள்ளவை. 44-ஆம் வகையைப் பிரெஞ்சு ஆலைகளிலேயே ஜெர்மனிக்காகக் கட்டவைத்தார்கள். போருக்குப் பின் அங்கே தங்கியவை 150எக்ஸ், 150ஒய், 150இசட் என்று பெயர் வாங்கின. 44 எக்ஸ் ஆனது, 52 ஒய் ஆனது, 50 இசட் ஆனது. இந்தப் பெயர்கள் தெரிந்திருந்தால் பிரெஞ்சுப் படத் தொகுப்புகளில் தேடுவது எளிது. ஆனால் அந்தப் பெயர் எழுதிய படம் போருக்குப் பிந்தையது.

நேச நாட்டுப் பக்கம் அமெரிக்க எஸ்160. ஷெர்பூர் 1944 ஜூன் கடைசியில் பிடிபட்ட பிறகுதான் துறைமுகம் வழியாக எஞ்சின்கள் வரத் தொடங்கின. ஜூன் 6 மிஷனில் அதற்கு இடமில்லை. ஆகஸ்ட், செப்டம்பர் மிஷனில் தாராளமாக வைக்கலாம், நேச நாட்டு எல்லைக்குள் மட்டும். பிரான்ஸின் 241பி எஞ்சினும் வேண்டாம், அது வந்தது 1948-இல்.

கிழக்கு முனைக்குச் செய்பவர்களுக்கு ஒரே ஒரு சொல். 52-ஆம் வகையின் முதல் எஞ்சின் வெளிவந்தது 1942 செப்டம்பரில். 1941 குளிரில் மாஸ்கோவுக்கு முன்னால் ஜெர்மன் எஞ்சின்களின் குழாய்கள் உறைந்து வெடித்தன. அந்த அடியில் பிறந்ததுதான் மூடிய கேபினும் குளிர்காப்பும் கொண்ட 52. மாஸ்கோ வரைபடத்தில் 52-ஐ வைப்பது, நோய்க்கு முன்னாலேயே மருந்தை வைப்பது போல.

நான்காம் படி: படத்தைப் படிப்பது

நேரம் அதிகம் போவது இங்கேதான், போகவும் வேண்டும்.

இன்று ஓடும் அருங்காட்சியக எஞ்சினைச் சுற்றிவந்து நூறு படம் எடுத்து, அதைப் பார்த்து மாடல் செய்கிறார்கள். அளவுக்கு அது சரி. மேலே ஒட்டியிருக்கும் பொருள்களுக்கு நம்ப முடியாது. போருக்குப் பின் முப்பது, நாற்பது ஆண்டு வேலை பார்த்த எஞ்சின் அது. விளக்கு, டெண்டர் (பின்னால் நிலக்கரியும் தண்ணீரும் சுமக்கும் வண்டி), புகைத்தடுப்புத் தகடு, சில நேரம் கொதிகலன்கூட மாறியிருக்கும். 52 80 என்று எண் தொடங்கும் எஞ்சின்கள் 1960-களில் கிழக்கு ஜெர்மனி புதுக் கொதிகலன் பொருத்தி மாற்றிக் கட்டியவை. அதைப் பார்த்து 1944 கிரீக்ஸ்லோக் செய்தால் முதுகு வளைவே தப்பு.

ஒரு 52-இன் படத்தைக் கையில் எடுத்தால் நான் பார்க்கும் வரிசை இது. முதலில் முகம். கீழே பஃபருக்கு (முன்முனையில் மோதலைத் தாங்கும் வட்டத் தகடு) மேல் இரண்டு விளக்கு மட்டுமா, உச்சியில் மூன்றாவதும் உண்டா? மூன்றாவது இருந்தால் படம் போருக்குப் பிந்தையது. போர்க்கால விளக்குகளில் மேலே தகர மறைப்பு இருக்கும், வெளிச்சம் வானத்துக்குத் தெரியாதபடி. அடுத்து புகைபோக்கிக்கு இருபுறமும் உள்ள தகடு. கன்னம் முழுவதையும் மறைக்கும் பெரிய தகடு என்றால் வாக்னர் வகை. அது 50, 44 போன்றவற்றின் பழைய வடிவம். கொதிகலனோடு ஒட்டி மேலே மட்டும் நிற்கும் சிறு தகடு விட்டே வகை. போரின் பிற்பகுதியில் வந்து, பின்னால் எங்கும் பரவியது. தகடே இல்லாமல் மொட்டை முகத்தோடு நின்றால் அதுவும் போர்க்கால 52-க்குப் பொருத்தம்தான். பொருளை மிச்சம் பிடிக்கப் பல எஞ்சின்கள் தகடு இல்லாமலே ஆலையை விட்டு வந்தன.

பிறகு பக்கவாட்டுக்கு வாருங்கள். 50-ஐயும் 52-ஐயும் பிரிக்க எளிய வழி டெண்டர். 52-க்குப் பின்னால் பெரும்பாலும் தொட்டி மாதிரி அடி உருண்ட டெண்டர் வரும், ஜெர்மானியர் அதைக் குளியல்தொட்டி என்றே கூப்பிட்டார்கள். 30 கன மீட்டர் தண்ணீர், 10 டன் நிலக்கரி. 50-இன் டெண்டர் பெட்டி வடிவம். 50-இல் புகைபோக்கிக்கு முன்னால் தண்ணீரைச் சூடாக்கும் கருவி குறுக்கே பதிந்திருக்கும். 52-இல் அதை நீக்கிவிட்டார்கள்.

நிறத்துக்குக் கறுப்பு வெள்ளைப் படத்தை நம்பாதீர்கள். பழைய ஆர்த்தோகுரோமாட்டிக் பிலிமுக்குச் சிவப்பு தெரியாது. சிவப்புச் சட்டமும் சக்கரமும் கறுப்பாக விழும். போருக்கு முந்தைய ஜெர்மன் எஞ்சின் மேலே கறுப்பு, கீழே சிவப்பு. போர்க்காலத்தில் கட்டியவை பல, சிவப்பே இல்லாமல் ஒரே மங்கலான நிறத்தில் வெளிவந்தன. ‘வெற்றிக்காகச் சக்கரங்கள் உருள வேண்டும்’ என்ற ஜெர்மன் முழக்கத்தை டெண்டரில் எழுதிய எஞ்சின்கள் உண்டு. ஆனால் எல்லா எஞ்சினிலும் அதை எழுதாதீர்கள். பிரச்சாரப் படம் எடுப்பவர் அப்படி எழுதியதைத்தான் தேடிப்போயிருப்பார்.

படக்குறிப்பையும் சாட்சியாக எடுக்க வேண்டாம். ஜெர்மன் கூட்டாட்சி ஆவணக் காப்பகப் படங்களோடு வரும் மூலக் குறிப்புகள் போர்க்காலப் பிரச்சாரப் பிரிவு எழுதியவை. எஞ்சின் என்ன சொல்கிறதோ அதைக் கேளுங்கள், குறிப்பை அதோடு ஒப்பிடுங்கள்.

ஐந்தாம் படி: அளவு

52-இன் மொத்த நீளம், பஃபரிலிருந்து பஃபர் வரை, 22,975 மி.மீ. இயக்கு சக்கர விட்டம் 1,400 மி.மீ. சிலிண்டர் 600 மி.மீ. விட்டம், 660 மி.மீ. பிஸ்டன் ஓட்டம். கொதிகலன் அழுத்தம் 16 பார், அதாவது காற்றழுத்தத்தைப் போல ஏறக்குறைய 16 மடங்கு. உச்ச வேகம் மணிக்கு 80 கி.மீ. இந்த மாதிரி எண்களுக்கு ரயில்வேயே அச்சிட்ட மெர்க்புக் என்னும் தரவுப் புத்தகம் நல்ல இடம். பொம்மை ரயில் நிறுவனங்களின் அளவை எடுக்காதீர்கள். வளைவில் திரும்புவதற்காகச் சக்கர விளிம்பு, சிலிண்டர் இடைவெளி எல்லாவற்றையும் மாற்றியிருப்பார்கள்.

வரைபடம் கிடைக்காவிட்டால் சக்கரத்தை அளவுகோலாக வையுங்கள். நேர்ப்பக்கவாட்டுப் படத்தில் சக்கர விட்டம் எத்தனை பிக்சல் என்று எண்ணினால் மற்றதெல்லாம் கணக்கு. தேய்ந்த சக்கரம் சில சென்டிமீட்டர் குறைந்திருக்கும்; வானத்திலிருந்து பார்ப்பவருக்கு அது பொருட்டில்லை.

ஆறாம் படி: புகை, ஆவி, சத்தம்

விமானி எஞ்சினைப் பார்ப்பதற்கு முன் புகையைத்தான் பார்ப்பார். அதனால் பாலிகனைக் குறைத்தாவது புகைக்கு உழையுங்கள்.

கருப்புப் புகையும் வெள்ளை ஆவியும் ஒன்றில்லை. நிலக்கரி அள்ளிப் போட்டதும் சில நொடி கறுப்பு வரும், பிறகு தெளியும். வெள்ளை என்பது சிலிண்டரிலிருந்து வெளியேறும் நீராவி. குளிர்காலக் காலையில் அது நீண்ட பஞ்சுவால் போல் நிற்கும். நார்மண்டியின் ஜூன் மதியத்தில், வறண்ட சூட்டில், சீக்கிரமே கரைந்துபோகும். சரிவில் ஆவியை அடைத்து எஞ்சினைச் சும்மா உருளவிட்டால் வெளியேற்றமே இருக்காது. விமானச் சத்தம் கேட்ட டிரைவர் முதலில் செய்ய நினைப்பது புகையை அடக்குவதுதான். சிமுலேட்டரில் எல்லா ரயிலும் ஒரே அடர்த்தியில் புகை கக்கிக்கொண்டு போவது இதனால்தான் என் கண்ணை உறுத்துகிறது.

இரவு மிஷன் செய்பவர்கள் கேபினைப் பாருங்கள். உலைக்கதவு திறக்கும்போது செந்நிற ஒளி மேலே அடிக்கும். அதை மறைக்கக் கேபினுக்கும் டெண்டருக்கும் இடையே துணி கட்டினார்கள். 1944 கோடையில் ஜெர்மன் வண்டிகள் பெரும்பாலும் இரவில்தான் நகர்ந்தன, பகலில் சுரங்கத்திலோ மர நிழலிலோ பதுங்கின. அந்தத் துணி இல்லாத மாடலில் பாதி உண்மை போய்விடுகிறது.

சத்தத்துக்கு ஒரு கணக்கு. இரண்டு சிலிண்டர் எஞ்சின் சக்கரம் ஒரு சுற்று சுற்றினால் நான்கு முறை ‘சக்’ என்னும். 1,400 மி.மீ. சக்கரத்தின் சுற்றளவு ஏறக்குறைய 4.4 மீட்டர். மணிக்கு 15 கி.மீ. வேகத்தில் நொடிக்கு ஒரு சுற்றுக்குச் சற்றுக் குறைவு, அதாவது நாலு ‘சக்’. 40 கி.மீ.யில் நொடிக்குப் பத்து. 80-இல் இருபது, அப்போது தனித்தனியாகக் கேட்காது, ஒரே உறுமலாகிவிடும். 44-ஆம் வகைக்கு மூன்று சிலிண்டர், சுற்றுக்கு ஆறு சத்தம். ஒரே ஒலிக்கோப்பை இரண்டுக்கும் போட்டால் காது உள்ளவர் கண்டுபிடித்துவிடுவார்.

ஏழாம் படி: சுடப்பட்டால் என்ன ஆகும்

விமானத் துப்பாக்கியோடு சேர்ந்து ஓடிய 16 மி.மீ. கேமராப் படங்களை ஃபிரேம் ஃபிரேமாகப் பாருங்கள். முதலில் தண்டவாள ஓரம் தூசி எழும். பிறகு கொதிகலன்மேல் பளிச் பளிச்சென்று சிறு மின்னல்கள், குண்டு இரும்பில் படுவது. அடுத்த சில ஃபிரேமில் பக்கவாட்டிலிருந்து வெள்ளையாக ஒரு கோடு கிளம்பும். அது விரிந்து மொத்த எஞ்சினையும் மூடும். விமானம் மேலே கடந்துபோகும்போது எஞ்சினே தெரியாது, வெள்ளை மேகம்தான்.

கொதிகலனில் 16 பார் அழுத்தத்தில் தண்ணீர் ஏறக்குறைய 200 டிகிரி சூட்டில் இருக்கிறது. துளை விழுந்ததும் வெளியே வரும் நீர் அந்தக் கணமே ஆவியாகிறது. பெட்ரோல் டாங்க் போல ஆரஞ்சு நிறத் தீப்பந்து வராது. சிமுலேட்டர்களில் அடிக்கடி பார்க்கும் தீப்பந்தை எடுத்துவிட்டு, பல நிமிடம் நீளும் வெள்ளைப் பீறலை வையுங்கள், சத்தம் மெல்ல மெல்லத் தணியட்டும். தீப்பந்து வர வேண்டியது வெடிமருந்து வேகனிலும் எண்ணெய் வேகனிலும்.

ஓட்டை விழுந்த கொதிகலனை ஷெட்டுக்கு இழுத்துப்போய்ப் பழுதுபார்க்கலாம். விமானி ‘அழித்தேன்’ என்று எழுதிய எஞ்சின்களில் பல திரும்ப ஓடின. ஆகவே டேமேஜ் மாடலில் ‘செயலிழந்தது’, ‘அழிந்தது’ என்று இரண்டு நிலை வேண்டும்.

எட்டாம் படி: பதிவுகளோடு ஒப்பிடுவது

பிரிட்டிஷ் தேசிய ஆவணக் காப்பகத்தில் ஏர் 27 வரிசை ஸ்குவாட்ரன்கள் எனப்படும் விமானப் பிரிவுகளின் அன்றாடப் பதிவேடு, ஏர் 50 வரிசை விமானிகளின் சண்டை அறிக்கை. இடம், நேரம், என்ன வண்டி, எந்தத் திசையில் போனது என்று கிடைக்கும். எஞ்சின் வகையைத் தேட வேண்டாம். மணிக்கு 500 கி.மீ. வேகத்தில் போகிறவருக்கு வகை தெரியாது. ஆனால் வேகன் எண்ணிக்கை, விமான எதிர்ப்புத் துப்பாக்கி இருந்த இடம் ஆகியவற்றுக்கு இதைவிட நல்ல சாட்சி இல்லை.

பாதைக்கு அன்றைய பிரிட்டிஷ் ராணுவ வரைபடமான ஜிஎஸ்ஜிஎஸ் 4250, 1:50,000 அளவில். யார்டுகளுக்கு எடின்பரோவில் உள்ள தேசிய வான்படத் தொகுப்பு. அதில் குண்டு விழுவதற்கு முந்தைய படமும் பிந்தைய படமும் கிடைத்தால் வேறு எதுவும் வேண்டாம். பிரான்ஸின் ஐஜிஎன் என்னும் அரசு வரைபட நிறுவனமும் பழைய வான்படங்களை இணையத்தில் திறந்து வைத்திருக்கிறது. ஆனால் 1947 படத்தில் தெரியும் பாலம் மறுபடி கட்டியதாக இருக்கலாம், தேதியைப் பாருங்கள்.

கடைசிப் படி: எந்தப் பக்கம்

பிரான்ஸில் ரயில் இடப்பக்கப் பாதையில் ஓடும். ஜெர்மனியில் வலப்பக்கம். ஒருகாலத்தில் ஜெர்மனியிடம் இருந்த அல்சாஸ்-மோசெல் பகுதியில் மட்டும் பிரான்ஸுக்குள்ளேயே வலப்பக்கம். இரட்டைப் பாதையில் ரயிலைத் தவறான பக்கம் விட்டால், எஞ்சினுக்குக் கொட்டிய உழைப்பு வீண்.

பக்கம் மாறுவதால் கேபினுக்குள்ளும் இடம் மாறுகிறது. பிரெஞ்சு எஞ்சினில் டிரைவர் இடப்பக்கம் நிற்பார், ஜெர்மன் எஞ்சினில் வலப்பக்கம். நார்மண்டியில் அந்த 140சி-யை ஓட்டியவர் பெரும்பாலும் ஒரு பிரெஞ்சு ரயில்வேக்காரர். தன்னை விடுவிக்க வருகிற விமானம்தான் தன் கொதிகலனைத் துளைக்கப்போகிறது என்று தெரிந்தே ஒவ்வொரு இரவும் ஷெட்டுக்கு வந்தவர். அதனால் வெறும் கேபின் வைக்காதீர்கள். இடப்பக்க ஜன்னலில் நீலக் கால்சட்டையோடு ஒருவர், பின்னால் டெண்டர் பக்கம் திரும்பியபடி மண்வெட்டியோடு இன்னொருவர். எஞ்சின் நின்றதும் இருவரும் சரிவில் இறங்கி ஓட இருபது நொடி அனிமேஷன் போதும்.